நாய்க்குட்டிக்கு வந்தது பூனைக்கும் வருமா?

"தம்பி, இது எங்க வீட்டுப் பூனைக்கும் ஒட்டிக்கிருமா?"

இன்று காலை செல்லூரில் கால்நடை டாக்டருக்காகக் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சு அக்கா கேட்டார். மடியில் ராஜபாளையம் குட்டி. முன்னங்காலில் பிளாஸ்டர் ஒட்டி டிரிப்ஸ் ஏறுகிறது, மூக்கெல்லாம் காய்ந்து கிடக்கிறது. பார்வோ, குட்டிகளை வாந்தியும் பேதியுமாகப் படுத்தும் வைரஸ் நோய்.

ஒட்டலாம் அக்கா.

இப்போது சுற்றுகிற நாய்ப் பார்வோ பூனையையும் பிடிக்கும். சொல்லப்போனால் நாய்ப் பார்வோ வைரஸும் பூனைப் பார்வோ வைரஸும் பங்காளிகள்தான். பூனைகளிடம் முன்பே இருந்த வைரஸோ அதற்கு நெருக்கமான ஒன்றோ கொஞ்சம் உருமாறி நாய்க்குத் தாவியது, 1978 வாக்கில் உலகம் பூராவும் பரவியே விட்டது.

மனுஷனுக்கு வராது. நமக்கு பி19 என்று தனிப் பார்வோ உண்டு, பிள்ளைகளுக்குக் கன்னம் சிவந்துபோகுமே, அது. அது நாய்க்குப் போகாது.

ஆனால் நம் செருப்பு சும்மா இருக்காதே! வியாதி நாயின் மலத்தை மிதித்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் போதும். மண்ணில் மாசக்கணக்கில் கிடக்கும் வைரஸ் இது. "பினாயில் ஊத்திக் கழுவிட்டேனே" என்றார் அக்கா. பினாயிலையெல்லாம் நம்ப முடியாது, இடத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டு பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும்.

அப்புறம் கேட்டார், "பூனைக்கெல்லாமா ஊசி போடுவாக?"

போடுவார்கள். பூனைகளுக்கு வரும் மூன்று நோய்களுக்குச் சேர்த்து ஒரே மருந்தாக ஊசி உண்டு, அதில் இந்தப் பார்வோ வகையறாவும் அடக்கம்.