முடிந்த கதை இல்லை, மருமகனே

என் அக்கா மகன் கிரீன் கார்ட் லொத்தரில் அமெரிக்கா போய் ராணுவத்தில் சேர்ந்தவன். ஆப்கானிஸ்தானுக்குப் பிறகு தூக்கம் போனது, கஞ்சா வந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்பட்டதும் நற்பெயர் இல்லாமல் விடுவித்துவிட்டார்கள்.

"விடுங்க மாமா, முடிஞ்ச கதை" என்றான். இல்லை. விடுவிப்பு நடந்து 15 வருடத்துக்குள் அதன் தரத்தை உயர்த்தக் கேட்டு, டிடி 293 படிவத்தில் ராணுவத்தின் விடுவிப்பு மறுபரிசீலனைச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. போர் தந்த மனக்காயம் இருந்தால் தாராளமாகப் பார்க்கவேண்டும் என்று 2014இலும் 2017இலும் பாதுகாப்புத் துறையே சபைகளுக்கு எழுதியிருக்கிறது. அதற்காக உயர்வு தானாகக் கிடைத்துவிடாது. அந்தக் காயத்துக்கும் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டவேண்டும்.

சபைக்கென்று எழுதி அவன் எனக்கு அனுப்பிய கடிதம் முழுக்க மன்னிப்பு. "அதைக் குறை, ராத்திரிகளைப் பற்றி எழுது" என்றேன். வைத்தியர் அறிக்கையும் சேர்த்தான். அக்கா மலையிலிருந்து வந்து, தேயிலைக் கொழுந்துக் கறை போகாத விரலோடு கொப்பித்தாளில் எழுதிக் கொடுத்தா: தீபாவளிக்கு ஹட்டன் வந்த பிள்ளை, லயத்து வாசலில் வெடி போட்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிட்டான். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். வந்ததும் அனுப்பவேண்டும். நேரில் விசாரிக்கவும் கேட்டிருக்கிறோம்.