கழுத்துக்குக் கழுத்து

2021 மே 2, ஓட்டு எண்ணிய நாள். ஈரோடு பக்கம் எங்கள் தொகுதி மொடக்குறிச்சி, கடைசி வரைக்கும் இழுபறி. இங்கிலீஷ் சேனலில் 'நெக் அண்ட் நெக்' என்று திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டு அப்புச்சி (அம்மாவின் அப்பா), "நெக்குன்னா கழுத்துதானே கண்ணு, எலெக்சன்ல கழுத்து எங்கிருந்து வந்துச்சு?" என்றார். "குதிரைப் பந்தயத்துல ரெண்டு குதிரை கழுத்துக்குக் கழுத்து சமமா வர்றதுங்க அப்புச்சி" என்றேன். அவ்வளவுதான், ஆடி மாசமானால் அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போய்விடுகிற மனுசன், மேற்கொண்டு விளக்கமே தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து இந்த இங்கிலீஷ் எலெக்சன் வார்த்தைகள் மேல் எனக்குத் தனிப் பிரியம். பாதி குதிரையும் ஆடும்தான். 'டார்க் ஹார்ஸ்' என்பதைக் கருப்புக் குதிரை என்று எழுதுகிறார்கள், அது நிறத்தைப் பற்றியதே இல்லை, ஓட்டம் எப்படி என்று யாருக்கும் தெரியாத குதிரை திடீரென்று ஜெயிப்பது. அமெரிக்காவில் 1844ல் அப்படித்தான் யாரும் எதிர்பார்க்காத ஜேம்ஸ் போக் வேட்பாளராகி, ஜனாதிபதியும் ஆனார். 'பெல்வெதர்' இன்னும் அழகு. வெதர் என்றால் காயடித்த செம்மறிக் கிடா, பெல் அதன் கழுத்து மணி. மணி போகிற பக்கம் மந்தை போகும் என்பதை எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற பையனே சொல்வான். ஒரு தொகுதியில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள்தான் ஆட்சிக்கு வருவார்கள் என்றிருந்தால் அதற்கு அந்தப் பெயர், குஜராத்தில் வல்சாட்டை அப்படிச் சொல்வார்கள்.

ஆனால் 'லேண்ட்ஸ்லைடு', அதாவது நிலச்சரிவு, அது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. எதிரில் இருப்பதையெல்லாம் அடித்துக்கொண்டு போகிற வெற்றி என்ற பொருள் சரிதான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்க்காரர்களிடம் போய் 'நிலச்சரிவு வெற்றி' என்று எழுதலாமா? அமோக வெற்றி என்றாலே போதுமே.

'பை எ விஸ்கர்', அதாவது ஒரு மீசை முடி அளவு வித்தியாசத்தில், என்பதற்கு நம்மிடம் மயிரிழை இருக்கிறது. 1996ல் 1033 பேர் நின்று, ஓட்டுச்சீட்டையே புத்தகமாக அச்சடித்த இதே மொடக்குறிச்சியில் அமோகமாக ஜெயித்த திமுக வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன், அந்த 2021 மே 2ல் 281 ஓட்டில் தோற்றார். அப்புச்சி ரொம்ப நேரம் டிவியை அணைக்கவே இல்லை.