அம்மாவும் ஐந்து கட்டங்களும்

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவுக்கு எடுத்த சதைத் துண்டை டெஸ்டுக்குக் கொடுத்தாயிற்று. லேப் ஆப்பில் ஒரே வரி: "பரிசோதனையில் உள்ளது". என்றைக்கு முடியும் என்று எங்கும் போடவில்லை.

ஜூன் 4, புதன்

அம்மா தூங்கிவிட்டாள். சனிக்கிழமை வகுப்புக்கான படக்கதையை எடுத்தேன். தலைப்பு காத்திருப்பு. போன மாதமே முடிவு செய்தது, மாற்ற மனம் வரவில்லை. டேவிட் மைஸ்டர் 1985-இல் வரிசையில் நிற்பவர்களின் மனத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாவிட்டால் காத்திருப்பு நீளமாகத் தெரியும். ஏன் தாமதம் என்று சொல்லாவிட்டால் இன்னும் நீளம். பயமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இதை ஸ்லைடில் மூன்று வரியாகப் போட்டால் பிள்ளைகள் எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். அதனால் வரைகிறேன். முதல் கட்டம்: ஒரு பெண், கையில் டோக்கன் 47. அடுத்தது: போர்டில் 31. அதற்கடுத்தும் அதே நாற்காலி, அதே 31. நான்காவதில் ஒன்றே ஒன்றுதான் மாறுகிறது: ஒரு கால் செருப்பைவிட்டு வெளியே வந்திருக்கிறது. வசனம் கிடையாது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடத்தில் எத்தனை நேரம் போனது என்று பார்க்கிறவர்களே கணக்குப் போடுவார்கள். போட்டது அவர்கள் என்பதால் அலுப்பும் அவர்களுடையதாகிவிடும்.

செருப்பு அம்மாவுடையது.

ஜூன் 5, வியாழன்

பரிசோதனையில் உள்ளது.

ஜூன் 6, வெள்ளி

லேபுக்கு போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னார். முதலில் ஃபார்மலினில், அதாவது சதை கெடாமல் காக்கும் திரவத்தில், ஊற வேண்டும். அப்புறம் ராத்திரி முழுக்க மெஷினில் ஈரத்தை எடுத்து மெழுகு ஏற்றுவார்கள். மெழுகுக் கட்டியாக்கி நாலைந்து மைக்ரான் கனத்தில் சீவுவார்கள். கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயம் ஏற்றுவார்கள். கடைசியில்தான் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

இத்தனை வேலை நடக்கும்போது ஸ்கிரீனில் ஏன் ஒரே வரி? நாளெல்லாம் இதுதான் மண்டையில் ஓடுகிறது. கோபமாக வருகிறது.

மருந்து பில்லின் பின்பக்கத்தில் ஐந்து கட்டம் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். மெழுகுக் கட்டியைச் சோப்பு மாதிரி போட்டிருந்தேன். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்போ எதுல இருக்கு?" என்றாள்.

மூணாவதுல என்றேன். இரவு இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஜூன் 7, சனி

வகுப்பு. செருப்பு வந்த கட்டத்தில் யாரும் பேசவில்லை. ஒரு பையன் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

அப்புறம் கார் கழுவும் கடைக் கதை. நூனஸ், ட்ரெஸ் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. ஒவ்வொரு தடவை கார் கழுவும்போதும் அட்டையில் ஒரு முத்திரை, எல்லாக் கட்டமும் நிறைந்தால் ஒரு தடவை இலவசம். ஒரு அட்டையில் 8 கட்டம், எல்லாம் காலி. இன்னொன்றில் 10 கட்டம், 2 முத்திரை முன்பே குத்தியது. இரண்டிலும் பாக்கி 8 தான். காலி அட்டையை முடித்தவர்கள் 19 சதவீதம், மற்றதில் 34. ஏற்கெனவே கிளம்பிவிட்டோம் என்ற நினைப்பு ஆளை இழுத்துக்கொண்டு போகிறது.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் கேட்டாள்: "அந்த ரெண்டு முத்திரை பொய் இல்லையா மேம்?"

பாக்கி எவ்வளவு என்பதை அட்டை மறைக்கவில்லை, அதனால் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நடக்காத வேலையை நடந்ததாக ஒரு ஸ்கிரீன் காட்டினால் அது ஏமாற்றுதான் என்று அழுத்திச் சொன்னேன். சொல்லும்போதே பில் ஞாபகம் வந்தது. மூணாவது என்று எனக்கு எப்படித் தெரியும்? மெஷினிலிருந்தே எடுக்காமல் இருந்திருக்கலாம். சீவினது சரியில்லை என்று மறுபடி சீவிக்கொண்டிருக்கலாம். அம்மா தெம்பாக இருக்கட்டும் என்று நான் குத்தின முத்திரை அது. பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்பு, இப்போதும்.

ஜூன் 8, ஞாயிறு

பில்லைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.

ஜூன் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். எதில் இருக்கிறது என்று தெரியாமல்தான் அன்றைக்குச் சொன்னேன் என்று.

"தெரியும்டி" என்றாள். அப்புறம் பில்லை எடுத்து நீட்டி, "அந்த டாக்டருக்குக் கண்ணாடி போடு. கொஞ்சம் வயசானவரா இருக்கட்டும்."

போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலை 7:40. அந்த வரி மாறியிருக்கிறது. இன்னும் திறக்கவில்லை. அம்மா குளித்துவிட்டு வரட்டும்.