ஈசியில் வராத அத்தை

அம்பத்தூரில் இரண்டு படுக்கையறை பிளாட்டுக்குச் சொல்லும் விலையில் அரக்கோணத்தில் தனி வீடே வாங்கிவிடலாம், கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். இந்த லைனில் தினமும் ரயிலில் போய்வருகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான் இது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் சிலர் முன்பே திருநின்றவூர், திருவள்ளூர் என்று நகர்ந்துவிட்டார்கள். நாங்கள் தேடத் தொடங்கியபோது திருவள்ளூர் விலையும் எங்கள் கைக்கு எட்டவில்லை. சரி, இன்னும் தள்ளிப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் 69 கிலோமீட்டர். எனக்கு அம்பத்தூர்வரை போனால் போதும். காலையில் அரக்கோணத்திலேயே புறப்படுகிற லோக்கலில் ஏறினால் ஜன்னலோரம்கூடக் கிடைக்கும். மாலையில் அந்தச் சுகம் கிடையாது. திருவள்ளூரில் பாதிக் கூட்டம் இறங்கும்வரை நின்றுகொண்டுதான் வர வேண்டும். இதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் இந்தப் பக்கம் வீடு பார்க்காமல் இருப்பதே நல்லது.

முதலில் புரோக்கர் காட்டியது ஊருக்கு வெளியே ஒரு மனை. விலை கேட்டால் ஆசை வரும். ‘அப்ரூவல் இருக்கா?’ என்றால் ‘பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்’ என்றார். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது, அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி தர வேண்டும். 20.10.2016-க்கு முன் பதிவான மனை என்றால் மறுபடி பதிவு செய்துவிடலாம். ஆனால் வரன்முறைப்படுத்தாமல் வீடு கட்ட அனுமதியோ பேங்க் லோனோ கிடைக்காது. அதையெல்லாம் வாங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். நாங்கள் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டோம்.

பிடித்த வீடு ஜோதி நகர்ப் பக்கம் இருந்தது. 1,100 சதுர அடி மனை, 1993-இல் கட்டிய ஓட்டு வீடு, பின்னால் ஒரு முருங்கை. ஸ்டேஷனுக்கு சைக்கிளில் போய்விடலாம். ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் பக்கத்திலேயே இருப்பதால் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. புரோக்கர் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்தே மறுபடி ஆரம்பித்தார். பழகிவிட்டது போல. விலை பேசி 28 லட்சத்தில் நின்றது.

டிஎன்ரெஜிநெட் தளத்தில் ஈசியை, அதாவது வில்லங்கச் சான்றை, இலவசமாகவே பார்க்கலாம். பார்த்தோம். 1991-இல் மனை வாங்கிய கிரயப் பத்திரம் ஒன்று, பிறகு ஒரு அடமானம், அதை அடைத்த ரசீது. அவ்வளவுதான், சுத்தமாக இருந்தது. வாங்கியவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், 2009-இல் இறந்துவிட்டார். உயிலும் எழுதவில்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வாரிசுச் சான்றிதழில் நான்கு பேர். நான்கு பேருமே விற்கத் தயார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று புரோக்கர் கேட்டார்.

வக்கீல் பார்த்த பிறகுதான் அக்ரிமெண்ட் என்று என் மனைவி உறுதியாக இருந்தாள். அந்த வக்கீல் பத்திரத்தைவிட இறப்புச் சான்றிதழைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு மூத்த மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அப்பா இறந்தப்போ உங்க பாட்டி உயிரோட இருந்தாங்களா?”

இருந்திருக்கிறார். 2012-இல்தான் பாட்டி இறந்தார். வாரிசுச் சான்றிதழ் வாங்கியது 2014-இல் என்பதால் அதில் அவர் பெயர் இல்லை. ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. அப்படியானால் 2009-இல் வீடு ஐந்து பங்காகிவிட்டது. பாட்டியின் ஒரு பங்கு, அவர் இறந்ததும், அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். இறந்த மகன் வழியில் பாதி, உயிரோடு இருக்கும் மகளுக்குப் பாதி. அந்த மகள் திருத்தணியில் இருக்கிறார், இவர்களுக்கு அத்தை. மொத்த வீட்டில் பத்தில் ஒரு பங்கு அவருடையது என்பது அவருக்கும் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது.

ஈசியில் இதெல்லாம் வராது. பதிவான பத்திரங்கள் மட்டும்தான் அதில் ஏறும். சாவும் பிறப்பும் உறவும் அதில் கிடையாது. இந்த மாதிரி ஊர்களில் பழைய வீடுகளில் பல, கட்டியவர் போன பிறகு பிள்ளைகள் விற்கிறவைதான். அதனால் ஈசி சுத்தம் என்று யாராவது சொன்னால் இப்போது நான் குடும்பத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறேன்.

அத்தை ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூத்த மகன் கல்யாணப் பத்திரிகையில் அத்தை, மாமா பெயர் விட்டுப்போனதாம். மகன்கள் போகத் தயங்க, மனைவியும் நானும் திருத்தணிக்குப் போனோம். காபி கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். “எனக்குப் பணம் வேணாம்மா. என் அண்ணன் கட்டின வீடு. ஆனா அவனுங்க வந்து கூப்பிடட்டும்” என்றார். பணம் கேட்டிருந்தால்கூட அவர்கள் சுலபமாகக் கொடுத்திருப்பார்கள் என்று தோன்றியது. சில வாரம் இழுத்தடித்து, கடைசியில் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய்க் கூப்பிட்டார்கள். பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் போட வேண்டாம், விற்பவர்களில் ஒருவராக அத்தையையும் சேர்த்துவிடலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பாட்டியின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே இளைய மகன் ஒரு யோசனை சொன்னார். அரசு நிர்ணயித்த கைடுலைன் மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் உங்களுக்கும் முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்றார். பத்திரத்தில் போட்ட தொகையை வைத்துத்தான் பேங்க் லோன் தரும். அதோடு வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரும். இதைச் சொன்னதும் அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பேங்க் மதிப்பீட்டாளர் கட்டடம் பழசு என்று 25 லட்சம்தான் போட்டார். லோன் அந்தக் கணக்கில்தான் வந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்த்து 2,52,000 ரூபாய் நம் கையிலிருந்து. பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை இருக்கிறது, ஆனால் 10 லட்சம்வரையிலான சொத்துக்குத்தான். மனைவி பெயரில் வாங்கியும் எங்களுக்குப் பொருந்தவில்லை. இதற்கு மேல் லோனுக்காகப் பத்திரத்தை பேங்கில் ஒப்படைத்ததைப் பதியும் எம்ஓடி செலவு, வக்கீல், பத்திர எழுத்தர், புரோக்கர். விலையோடு பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்ளாமல் இறங்காதீர்கள்.

ஆடியில் பதியக் கூடாது என்று விற்கும் அம்மா சொல்லிவிட்டதால் ஆவணி வரை காத்திருந்தோம். முகூர்த்த நாள் என்றால் டோக்கன் கிடைப்பதே பெரும்பாடு. அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். மகள் பெங்களூரிலிருந்து இரவு வண்டி பிடித்து வந்திருந்தார். கைரேகை வைக்கும்போது அத்தையின் கட்டைவிரலை மெஷின் எடுக்கவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே மழுங்கிவிட்டது என்று அவரே சிரித்தார். மூத்த மகன் தன் கைக்குட்டையை நனைத்து அவர் விரலைத் துடைத்துவிட்டார். பிறகும் எடுக்கவில்லை. வேறு விரலை வைத்துப் பார்த்ததில் ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது.

பத்திரம் முடிந்தால் பட்டா தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விற்பவர் பெயரில் பட்டா இருந்தால்தான் அது நடக்கும். இங்கே பட்டா இறந்தவர் பெயரிலேயே இருந்தது, அதனால் தனியாக விண்ணப்பித்து வாங்கினோம். நகராட்சியில் வீட்டு வரியும் குடிநீர் வரியும் மாறிவிட்டன. கரண்ட் பில் மட்டும் இன்னும் அந்த ரயில்வேக்காரர் பெயரில்தான் வருகிறது, அடுத்த மாதம் லீவு போட்டு மாற்ற வேண்டும்.