மண் குழாய்க்கு ஏற்ற டாய்லெட்

31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இந்த வருடம் டாய்லெட் அடைத்துக்கொள்வது இது மூன்றாவது முறை. மெர்டேக்கா (மலேசிய சுதந்திர தினம்) விடுமுறைக்குத் தம்பி குடும்பத்தோடு கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தான். காலையில் ஐந்து பேர் போய் வந்தாயிற்று. ஆறாவதாகப் போன சின்னவள் "அத்தே!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். தண்ணீர் விளிம்பு வரை ஏறி, இறங்காமல் நின்றது.

நான் அடைப்பு எடுக்கும் ரப்பர் பம்ப் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். 76 வயது. முழங்கால் மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தபோது மனசு தாங்கவில்லை. தீபாவளிக்குள் இதை மாற்றியே ஆக வேண்டும்.

2 செப்டம்பர், செவ்வாய்

பைப் வேலை செய்யும் தம்பி மாலையில் வந்தார். புது டாய்லெட் வாங்கப் போகிறேன் என்றதும், "அக்கா, டாய்லெட் மேல பழி போடாதீங்க. முதல்ல மேன்ஹோலத் திறந்து பார்ப்போம்" என்றார். கழிவுக் குழாயைப் பார்க்கத் தரையில் மூடியோடு இருக்கும் குழி அது.

வீடு 1970களில் கட்டியது. ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டிய அப்பா, ஊழியர் சேமநிதியில் சேர்ந்ததை எடுத்து சுங்கை சிப்புட்டில் வாங்கிய வீடு. தரைக்கு அடியில் ஓடுவது நாலங்குல மண் குழாய். இரண்டடிக்கு ஓர் இணைப்பு, அதில் சிமெண்டுப் பூச்சு. ஐம்பது வருடத்தில் மண் இறங்க இறங்கப் பூச்சு விரிசல் விடும். அந்த ஈரத்தைத் தேடி வேர் உள்ளே நுழையும். மூங்கில் பட்டையை விட்டு இழுத்தார், தலைமுடிச் சடை மாதிரி மாமர வேர் ஒரு கொத்து வந்தது. அதில் சிக்கிக் கிடந்தவை ஈரத்தாள்கள். குழந்தைகளுக்குத் துடைக்கும் அந்தத் தாள் டிஷ்யூ மாதிரி கரைவதில்லை, துணி மாதிரி அப்படியே கிடக்கிறது. என் தம்பி மனைவியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். டாய்லெட்டிலிருந்து மேன்ஹோல் வரை 22 அடி. நாலங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று சரிவு வேண்டும், அதாவது இந்த நீளத்துக்கு ஆறரை அங்குலம் இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று அங்குலம்கூட இல்லை. தண்ணீர் மெதுவாகப் போனால் கழிவு பாதி வழியில் தங்கிவிடும், மறுநாள் வருவது அதன்மேல் ஏறி நிற்கும்.

செப்டிக் டேங்க் நிரம்பியிருந்தாலும் இப்படித்தான் பின்னுக்குத் தள்ளுமாம். அதையும் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் லாரி வந்து உறிஞ்சிப் போனது, இன்னும் நிரம்பவில்லை.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடாவை இனி ஊற்றவே கூடாது. தண்ணீரோடு சேர்ந்தால் அது கொதிக்கும், பீங்கான் வெடிக்கலாம், டேங்கில் கழிவைத் தின்னும் கிருமிகளும் செத்துப்போகும். போன இரண்டு முறையும் நான் அதைத்தான் ஊற்றினேன்.

6 செப்டம்பர், சனி

ஈப்போ போனேன். முப்பது கிலோமீட்டர், மழை. கடையில் அறுபது எழுபது டாய்லெட் வரிசையாக நின்றன. எல்லாம் வெள்ளை, எல்லாம் அழகு. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று முதல் அரை மணி நேரம் ஒன்றுமே புரியவில்லை.

கடைக்காரர் சீனர், வயதானவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். இரண்டைக் காட்டினார். ஒன்று 'சைஃபோனிக்'. உள்ளே வளைந்து வளைந்து போகும் குறுகலான வழியில் தண்ணீர் நிறைந்ததும் கழிவை உறிஞ்சி இழுக்கும். சத்தம் குறைவு, கிண்ணத்தில் தண்ணீர் அகலமாக நிற்பதால் கறை ஒட்டுவது குறைவு. இன்னொன்று 'வாஷ்டவுன்'. உறிஞ்சல் கிடையாது, மேலிருந்து தண்ணீர் விழுந்து நேரே தள்ளிவிடும். வழி குட்டை, அகலம். சைஃபோனிக்கில் உள்வழி ஏறக்குறைய இரண்டங்குலம், இதில் மூன்றங்குலத்துக்கு மேல். கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டுப் பார்த்தேன், என் முஷ்டி போகும்போல இருந்தது.

எனக்கு வாஷ்டவுன்தான் என்று அங்கேயே மனசு சொல்லிவிட்டது. சத்தம் போடும், அடிக்கடி பிரஷ் போட வேண்டும். போட்டுக்கொள்கிறேன். அகலமான வாய் இருந்தால் பீங்கானுக்குள் சிக்காது. ஆனால் பீங்கானைத் தாண்டி 22 அடி இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? அதைக் கேட்டேன். "அது என் கடையில் விற்காது" என்றார். நேர்மையான பதில். அவரிடமே வாங்கலாம் என்று தோன்றியது.

வாங்கவில்லை. சுவரிலிருந்து தரை ஓட்டையின் நடு வரை எத்தனை அங்குலம் என்று கேட்டார், நான் அளக்காமலே போயிருந்தேன். டாய்லெட் வாங்கப் போகிறவர்கள் இந்த ஓர் அளவை மட்டும் மறக்காதீர்கள். டைல் ஒட்டிய சுவரிலிருந்து அளக்க வேண்டும், வெறும் செங்கல்லிலிருந்து அல்ல.

7 செப்டம்பர், ஞாயிறு

அளந்தேன். எட்டங்குலம். அப்பா பின்னாளில் டைல் ஒட்டியதில் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். கழிவு தரை வழியாக இறங்குகிறது, ஆகவே 'எஸ்' டிராப். கடையில் பார்த்த சைஃபோனிக் எல்லாம் பத்தும் பன்னிரண்டும். நான் ஆசைப்பட்டிருந்தாலும் அவை இங்கே உட்கார்ந்திருக்காது.

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசிய தினம், விடுமுறை. என் தம்பி போனில் நீண்ட நேரம் பேசினான். தண்ணீர் சிக்கனத்துக்கு ஒட்டும் லேபலில் நட்சத்திரம் அதிகம் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்கிறான். நட்சத்திரம் கூடக் கூட ஒரு தடவைக்குச் செலவாகும் தண்ணீர் குறையும். நல்ல விஷயம்தான், தண்ணீரை வீணாக்க எனக்கும் மனசில்லை. ஆனால் எங்கள் பழைய தொட்டி ஒன்பது லிட்டர் கொட்டியது. அந்த ஒன்பதும் தள்ள முடியாததை, கிட்டத்தட்ட சமதரையாகக் கிடக்கும் குழாயில் நாலு லிட்டர் எப்படித் தள்ளும்?

'மேப்' என்றொரு சோதனையையும் அவன் சொன்னான். வட அமெரிக்காவில் 2003 முதல் நடக்கிறது. சோயா விழுதை அடைத்து, ஒரே தடவையில் எத்தனை கிராம் போகிறது என்று பார்ப்பார்கள், 1000 கிராம் வரை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது கிண்ணத்தின் பலத்தை மட்டும் அளக்கிறது. வீட்டுக் குழாய் அந்தச் சோதனையில் இல்லை.

கடைசியில் முடிவு இது: முழு அழுத்தலுக்கு ஆறு லிட்டர், பாதிக்கு மூன்று. மூன்று சிறுநீருக்கு மட்டும். ஆறை விடக் குறைவானது வேண்டாம். அதோடு குழாயை மாற்றிவிட வேண்டும். குழாயைத் தொடாமல் டாய்லெட்டை மட்டும் மாற்றினால் காசு போச்சு.

மாலையில் அம்மாவிடம் சொன்னபோது அவர் தோட்டத்துக் கதைக்குப் போய்விட்டார். லயத்துக்குப் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பின்னால் வரிசையாகக் கக்கூஸ், உள்ளே வாளி. இருட்டில் தனியாகப் போகப் பயந்து அக்கா தங்கை மூன்று பேரும் ஒரே விளக்கை எடுத்துக்கொண்டு போவார்களாம். மழை நாளில் அடக்கிக்கொண்டு விடியும்வரை படுத்திருந்ததைச் சொன்னார். "இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு உங்கப்பா கதவத் தொறந்து காட்டினது இதத்தான். வீட்டுக்குள்ளயே இருக்கு பாருன்னாரு." இத்தனை வருடமும் அவர் ஏன் அந்த வாளியை யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கினார் என்று இன்றுதான் கொஞ்சம் புரிந்தது.

27 செப்டம்பர், சனி

தரையை உடைத்தார்கள். இரண்டு நாள் வேலை. மண் குழாயை எடுத்துவிட்டு மேன்ஹோல் வரை நாலங்குல பிவிசி குழாய், மணல் படுக்கை மேல். சரிவை என் கண் முன்னால் அளந்து காட்டச் சொன்னேன், ஆறரை அங்குலத்துக்கு ஒரு நூல் கூடவே இருந்தது. மேன்ஹோலின் அடி ஆழமாக இருந்ததால்தான் இது முடிந்தது. பழைய குழாய் அங்கே வந்து சேர்ந்தது அடியிலிருந்து நல்ல உயரத்தில்.

பின்சுவரில் ஏறும் காற்றுக் குழாயின் வாயில் குருவிக்கூடு ஒன்று, காய்ந்து போனது. அதை எடுத்துவிட்டு வலைமூடி போட்டார். தண்ணீர் விடும்போதெல்லாம் 'களக் களக்' என்று கேட்டது இதனால்தானாம்.

அம்மா இரண்டு நாளும் பக்கத்து வீட்டு டாய்லெட்டுக்குப் போய் வந்தார்.

4 அக்டோபர், சனி

புதியதைப் பொருத்தியாயிற்று. 640 வெள்ளி (ரிங்கிட்). குழாய் வேலைக்கு 1,900. உட்காரும் உயரம் பழையதைவிட இரண்டங்குலம் கூட, அம்மா கேட்டது அது ஒன்றுதான். சுவரில் ஒரு பிடிகம்பியும் வைத்தோம். தரை ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு, சிமெண்ட் இல்லாமல் திருகாணியில் இறுக்கியிருக்கிறார். நாளைக்குக் கழற்ற வேண்டி வந்தால் உடைக்காமல் கழற்றலாம்.

22 அக்டோபர், புதன்

தீபாவளிக்கும் மறுநாளுக்கும் சேர்த்து வீட்டில் பதினாறு பேர். டாய்லெட்டில் மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்று வைத்து, ஈரத்தாளை அதில்தான் போட வேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தேன். தம்பி மனைவி தானே முன்வந்து குழந்தைகளுக்குப் படித்துக் காட்டினாள். ஒரு முறைகூட அடைக்கவில்லை.

எல்லோரும் கிளம்பிய பிறகு இன்று காலை மேன்ஹோலைத் திறந்தேன். வீட்டுப் பக்கக் குழாயில் ஒன்றும் தங்கவில்லை. மேன்ஹோலிலிருந்து டேங்க் வரை இன்னும் பத்தடி பழைய மண் குழாய் இருக்கிறது, அதன் வாயில் மெல்லிய வேர் ஒன்று வெள்ளையாக எட்டிப் பார்க்கிறது. கையால் பறித்துப் போட்டேன். மாமரத்தை வெட்டச் சொல்கிறார் பைப் தம்பி. அது அப்பா வைத்த மரம், வெட்ட மாட்டேன். மார்ச் மாதம் அந்தப் பத்தடியையும் மாற்றிவிடுவதாக அவரிடம் சொல்லி, 200 வெள்ளி முன்பணம் கொடுத்திருக்கிறேன்.