மூக்கு குத்தியபின் ஆறு மாதம்

மூக்கு குத்துவது ஐந்து நிமிட வேலை. ஆறுவதற்கு நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோவிலுக்கு அலகு குத்திப் போகிறவர்களுக்குத் திருநீறு வைத்ததும் ஆறிவிடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு நாள் என்று கேட்காதவர்கள் குறைவு. அலகை அன்றே உருவிவிடுகிறார்கள், துளை மூடிக்கொள்கிறது. மூக்குத்தி உள்ளேயே நிற்கிறது. அதைச் சுற்றிக் குழாய்போலப் புதுத்தோல் வளர வேண்டும். அந்தத் தோல் இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வளரும். அதனால் ஆறாவது வாரத்தில் வெளியே ஆறினாற்போல் தெரியும், நடுவில் பச்சைப் புண்ணாகவே இருக்கும். நகையை மாற்றிப் பார்க்கும் ஆசையும் சரியாக அந்த வாரம்தான் வரும்.

சுத்தம் செய்வது காலை, இரவு என இரண்டு வேளை போதும். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மருந்தகத்தில் 0.9 விழுக்காடு சோடியம் குளோரைடு உள்ள, கிருமி நீக்கிய சேலைன் ஸ்ப்ரே கேளுங்கள். உப்பும் தண்ணீரும் தவிர வேறு ஏதாவது சேர்த்திருந்தால் திருப்பி வைத்துவிடலாம். 500 மில்லி சேலைன் பாட்டில் மலிவுதான், ஆனால் திறந்த 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்ட வேண்டும். வீட்டு உப்பைக் கரைத்தால் பெரும்பாலும் உப்பு கூடிப்போய்த் தோல் வறண்டு எரியும். கடல் தண்ணீரும் உப்புத்தானே என்று பத்து ஃபிரிங்கி கடற்கரையில் முங்குவதைப் பற்றி என்ன சொல்ல!

மூக்குத்திக் கல்லைச் சுற்றி வெளிர்மஞ்சளாகக் காய்ந்திருக்கும் பொருக்கு சீழ் அல்ல, புண்ணில் கசிந்த நீர் உலர்ந்தது. நகத்தால் பெயர்த்தால் புதுத்தோலும் சேர்ந்து வரும். ஸ்ப்ரே அடித்து இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு புண்ணுக்குக் கட்டும் காஸ் (gauze) துணியை மடித்து நனைத்து, அந்த மடிப்பு முனையால் கல்லின் அடியில் ஒற்றினால் தானே கழன்று வரும். காட்டன் பட் வேண்டாம். அதன் பஞ்சு இழை கல்லைப் பிடித்திருக்கும் கொக்கியில் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் இரத்தம்தான். மூக்கின் உள்ளே இருக்கும் மூக்குத்தித் தட்டில் சளி காய்ந்து ஒட்டியிருக்கும். குளித்தவுடன் அது இளகியிருக்கும்போது துடைப்பது சுலபம்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த வேலையில்: உலர்த்துவது. பினாங்குப் புழுக்கத்தில் ஈரம் லேசில் காயாது. ஈரம் தங்கினால் தோல் ஊறி வெளுக்கும், துளையோரம் சிவந்த கொப்புளம் எழும். டிஷ்யூவால் ஒற்றிவிட்டு, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து அரை நிமிடம் காட்டுங்கள். துண்டு வேண்டாம், அதன் நூலில் கல் மாட்டும்.

மூக்குத்தியைச் சுழற்றவும் கூடாது. சுழற்றாவிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது பழைய பயம். ஒவ்வொரு சுற்றிலும் பொருக்கு உள்ளே போய்ப் புதுத்தோலைக் கீறும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் கிருமியோடு புதுத்தோலையும் அழிக்கும். பாட்டி குழைத்துத் தரும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும்? சமையல் மஞ்சள்தூள் கிருமி நீக்கியதல்ல. எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். அந்தக் காலத்தில் வேப்பங்குச்சி செருகியது பெரும்பாலும் காதுச் சோணையில். அங்கே இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும்.

நகை விஷயத்தில்தான் வீட்டில் சண்டையே. லிட்டில் இந்தியா கடைத்தெருவில் வாங்கிய 916 மூக்குத்தியை முதல் நாளே போட வேண்டும் என்பார்கள். 916 என்பது 22 காரட். அது மென்மையான தங்கம், எளிதில் கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். திருகாணியின் மரை துளை வழியே போகும்போது அரம்போல் அறுக்கும். முதல் நகைக்கு உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டேனியம், அல்லது நிக்கல் கலக்காத 14 முதல் 18 காரட் தங்கம் நல்லது. 916 மூக்குத்தி ஆறு மாதம் பெட்டியில் இருக்கட்டும்.

வீக்கத்துக்கு இடம் விட்டுத்தான் முதலில் நீளமான தண்டு போடுவார்கள். நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் வீக்கம் வடிந்ததும், குத்தியவரிடமே போய்க் குட்டையான தண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் நீளத் தண்டு ஆடி ஆடித் துளையைச் சாய்த்துவிடும். முழுமுக ஹெல்மெட் போட்டு மோட்டார் ஓட்டுபவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். கழற்றும்போது கன்னத்துப் பஞ்சு கல்லை இழுக்கிறது.

துளையோரக் கொப்புளத்தைக் கண்டதும் கீலாய்டு என்னும் தடித்த தழும்பு என்று பயப்பட வேண்டாம். கீலாய்டு கெட்டியாக, துளையின் எல்லையைத் தாண்டிப் படரும். சாதாரணக் கொப்புளம் உரசலையும் ஈரத்தையும் நிறுத்தினால் சில வாரத்தில் வற்றும். பச்சை நிறத்தில் கெட்டிச் சீழ், தொட்டால் சூடு, பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். போகும் முன் மூக்குத்தியைக் கழற்ற வேண்டாம். துளையின் வாய் மூடிவிட்டால் சீழ் வெளியேற வழியின்றி உள்ளே கட்டிக்கொள்ளும்.