இங்கே எல்லாரும் அப்படித்தான்

புது நாட்டில் வந்து இறங்கியவனுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இதுதான். வீடு தேடினாலும் சரி, வேலை தேடினாலும் சரி, நமக்கு முன்னால் வந்த அண்ணன் ஒருவர் சொல்லிவிடுவார்: "ரொம்ப யோசிக்காதீங்க தம்பி, இங்கே எல்லாரும் அப்படித்தான்." வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயர், வீட்டுக்குள் ஆறு பேர். சம்பளத்தில் பாதி கணக்கில், மீதி கையில். ஏன் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

புதிதாக வந்தவனுக்கு மற்றவர்களைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பதும் உண்மை. பஸ்ஸில் எந்தக் கதவில் ஏறுவது, எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, எல்லாமே அக்கம்பக்கம் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். ஆனால் அது செய்வதற்கு முன்னால் பார்ப்பது. மாட்டிக்கொண்ட பிறகு துணைக்கு ஆள் தேடுவது வேறு சங்கதி.

என்னோடு தங்கியிருந்த ஒருவர் ரயிலில் டிக்கெட்டே எடுக்கமாட்டார். ஒரு நாள் பரிசோதகரிடம் சிக்கினார். "எல்லாரும் இப்படித்தானே வர்றாங்க?" என்றார். அந்த அம்மா கையிலிருந்த கருவியில் தட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "யாரென்று காட்டுங்கள்" என்றார். பெட்டியில் அத்தனை பேரும் அதற்குள் டிக்கெட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தார்கள். அவர் சொன்ன 'எல்லாரும்' எங்கள் வீட்டிலிருந்த நாலைந்து பேர். பாவம், அவருக்குத் தெரிந்த ஊரே அவ்வளவுதான்!

இதைப் புலம்பலாகச் சொன்னாலும் விளைவு அதேதான். "நம்ம ஆளுங்க எல்லாரும் வரி ஏய்க்கிறாங்க" என்று ஒருவர் விருந்தில் தலையில் அடித்துக்கொள்வார். கேட்கிற புது ஆள், 'ஓ, அப்போ செய்யலாம் போல' என்று எடுத்துக்கொள்வான். அமெரிக்காவின் அரிசோனாவில், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு இதைச் சோதித்தது. பலர் அந்த மரத்துண்டுகளை எடுத்துப்போனதால் பூங்கா பாழாகிறது என்று வருந்தும் பலகை வைத்த இடத்தில், குறியிட்டு வைத்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகைக்கு 2 சதவீதம்கூட இல்லை.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில், எந்தக் கோடுகள் ஒரே நீளம் என்று கேட்டு நடத்திய சோதனையும் இங்கே பொருந்தும். முன்னால் பேசியவர்கள், சோதனை நடத்தியவர் சொல்லி வைத்தபடி, ஒன்றுபோலத் தவறாகச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு போனது. சரியாகச் சொல்ல இன்னும் ஒரே ஒரு ஆள் இருந்தால் போதும், அது வெகுவாகக் குறைந்தது.

அதனால் இப்போது யாராவது புதிதாக வந்து, வாடகைக்கு ரசீது கேட்டால் தப்பா, இங்கே யாருமே வாங்குவதில்லையாமே என்றால் நான் உபதேசம் பண்ணுவதில்லை. "நான் வாங்குறேன். எதிர்வீட்டு அக்காவும் வாங்குறாங்க, நம்பர் தரட்டுமா?" என்று கேட்பதோடு சரி.